கட்டுச்சோற்று வாக்கியங்கள்

அத்தாயா, கெர்கெனாத் தீவு
ஜூன் மாதக் கடைசி வியாழன், 1988

அருமை மகள் சல்வாவுக்கு உன் உம்மா மஹ்பூபா எழுதிக்கொள்வது. ரப்பின் அருளால் இங்கே நானும் உன் வாப்பாவும் உன் மூத்தவள் சிரீனும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் முன்ஸிஃபும், நான் இன்னும் மடியில் போட்டுப் பார்க்காத குட்டி ஸாமியும் அந்த லியோனில் ரப்பின் காவலில் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன்.

ஹாதியின் மனைவி கோடைக்கு ஊர் வந்ததும், நீ கொடுத்தனுப்பிய பொதியை வீடு தேடி வந்து கொடுத்தாள். பையைப் பிரித்தவுடனே காப்பித்தூள் மணம் தெருவரை போய்விட்டது. அதன் பலனாக அன்று மாலை கமர் அக்கா உட்பட நான்கு பேருக்குக் காப்பி போட வேண்டியதாயிற்று. உன் வாப்பா கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினார். காப்பிக்கடையில் காட்டிவிட்டு வர ஆசைதான், வேர்வைக்குப் பயந்துவிட்டார். உன் கை நோகாமல் இருக்கட்டும் மகளே, எல்லாம் நல்ல சாமான். சிரீனுக்கு வாங்கிய சிவப்புச் செருப்பு மட்டும் காலில் ஏறவில்லை. நீ மனத்தில் வைத்திருக்கும் கால் அது இல்லை. இப்போது அவள் என் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். சிவப்புச் செருப்பை கமர் அக்காவின் பேத்திக்குக் கொடுத்தோம், கோபித்துக்கொள்ளாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் போன கடிதத்துக்கு நான் இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. பரீட்சை முடிவு வரட்டும் என்று காத்திருந்தேன். இன்னொன்று, எனக்கே பதில் தெரியாமல் இருந்தது.

சிரீன் எழுதும் கடிதங்களில் உன் பிள்ளை எழுதியது என்று ஒரு வரிகூட இல்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். "கீழ்வானில் கதிரவன் தன் பொன்னிழைகளை நெய்யத் தொடங்கிய வேளையில், பெருமதிப்புக்குரிய தாயே, உமக்கு மடல் வரைய எழுதுகோலை ஏந்துகிறேன்" என்று தொடங்கும் காகிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று கேட்டிருந்தாய். ஐந்து வயதில் நிலாவைப் பார்த்து, யாரோ கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டி என்று சொன்ன பிள்ளை அவள். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வையை எந்திரத்தில் கொடுத்துத் தட்டையாக எடுப்பது போல, நம் பள்ளிக்கூடம் அவள் மூளையை எடுத்துவிட்டது என்றாய். உன் அடுத்த வீட்டுக்காரியின் மகள் போகும் பள்ளியில் பிள்ளைகள் கம்பளத்தில் உட்கார்ந்து, மனத்தில் பட்டதை எழுதி, சுவரெல்லாம் வண்ணம் பூசுகிறார்களாம். முதலிடம் கடைசியிடம் எல்லாம் கிடையாதாம். அதனால் செப்டம்பரில் சிரீனைக் கூட்டிப் போய் அங்கே சேர்ப்பதென்று முன்ஸிஃபும் நீயும் முடிவு செய்திருப்பதாக எழுதியிருந்தாய்.

படித்தபோது எனக்கும் உன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. மறுநாளே வெள்ளை சஃப்சாரியைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். வாசலில் வலையைப் பின்னிக்கொண்டிருந்த உன் வாப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அங்க போயி என்னத்தப் பேசுவ, அஞ்சாங்கிளாஸு" என்றார்.

"அஞ்சும் பாஸ் பண்ணுன அஞ்சாங்கிளாஸு. ஒண்ணாவதுலயே சுவரேறிக் குதிச்சவங்க பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த ஐந்து வகுப்பைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேலி செய்வீர்கள். ஆனால் ஒன்று யோசித்துப் பார். கமர் அக்காவுக்கு மார்சேயிலிருந்து மகன் எழுதும் கடிதத்தைத் தபால்காரர் ஜலூல்தான் படித்துக் காட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் குரல் பெரியது. மருமகளுக்குக் கரு கலைந்த சேதி கமர் அக்கா காதுக்குப் போகும் முன்பே கோழிக்கூடு வரை போய்விட்டது. பதில் சொல்லும்போதும் அவள் ஜலூலுக்குக் கேட்கலாம் என்கிற சொற்களைத்தானே சொல்ல முடியும்? நானோ ஸ்ஃபாக்ஸில் மாமா வீட்டில் இருந்து படித்த அந்தக் கொஞ்ச எழுத்தை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் உன்னைத் திட்டலாம், உனக்காக அழலாம். விரல் முட்டியில் அடிகோலால் அடித்தார்கள்தான். அந்த அடிக்கு இல்லாவிட்டாலும், அந்த எழுத்துக்கு இன்றைக்கும் நான் துஆ செய்கிறேன்.

பள்ளியில், பிள்ளைகள் ஆனிஸ்தி என்று கூப்பிடும் ஆசிரியை நஜ்லாவைப் பார்க்க வேண்டும் என்றேன். பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் அரபு எடுப்பவள் அவள்தான். உன்னைவிடச் சின்னவள், கெஃப் மலைப் பக்கத்துப் பெண். அரசாங்கம் அங்கிருந்து தூக்கி இந்த உப்புத் தண்ணீருக்கு நடுவில் போட்டுவிட்டது. குளிர்காலத்தில்கூட மீன் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நடப்பாள் என்று ஊரில் சிரிப்பார்கள். நான் உட்காரவில்லை. நின்றபடியே, எங்கள் பிள்ளையைக் கிளியாக்கி வைத்திருக்கிறீர்களாமே, அவளைப் பெற்றவள் பிரான்சில் அழுகிறாள் என்று ஆரம்பித்தேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்க பேத்தி கிளியா இருந்தா நான் இந்நேரம் நிம்மதியாத் தூங்குவேன், ஹாலா மஹ்பூபா" என்றாள்.

பிறகு அவள் சொன்னதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஆறாம் வகுப்பு அரசுத் தேர்வில் கட்டுரைதான் பிள்ளைகளைக் கவிழ்க்கும். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசுகிற பேச்சு ஒன்று, தாளில் எழுதும் அரபு வேறு. கேள்வியைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு வாயடைத்துப் போகும். அதனால் வாரத்துக்கு ஒரு தாளில் அழகான வாக்கியங்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். காலைக்கு ஒரு வாக்கியம், மழைக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று, சந்திப்புக்கு ஒன்று. அந்தத் தாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஸாத். வழிக்குத் துணியில் முடிந்துகொண்டு போகிறோமே கட்டுச்சோறு, அதற்கு நாம் சொல்லும் அதே சொல். "வழியில பசிச்சா அவுத்துத் திங்கத்தான் குடுக்குறேன். பூரா நாளும் அதையே தின்னச் சொல்லி யாரு சொன்னா?" என்றாள் நஜ்லா.

ஆனால் சிரீன் அந்தச் சோற்றை என்ன செய்கிறாள் தெரியுமா? நஜ்லாவே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுரையைக் காட்டினாள். பனிக்காலத்துக்கு அவள் கொடுத்த வாக்கியம், "மலை தன் வெண்தலைப்பாகையை அணிந்துகொண்டது" என்பது. நம் தீவில் மலை ஏது, பனி ஏது? தரையே கடலைவிட ஒரு முழம்தான் உயரம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கண்ணால் காணாத மலைக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார்கள். இவளோ பெருநாள் விருந்தைப் பற்றி எழுதும்போது, தட்டில் குவித்த குஸ்குஸ் மலை தன் ஆட்டுக்கறித் தலைப்பாகையை அணிந்துகொண்டது என்றும், அதை முதலில் அவிழ்த்தவர் எங்கள் தலைமையாசிரியர் என்றும் எழுதி வைத்திருக்கிறாள். நான் அங்கேயே சிரித்துவிட்டேன். சண்டைக்கு வந்தவள் சிரித்தால் பிறகு என்ன சண்டை போடுவது? அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறாயே என்று கேட்டேன். குறைத்தேன், எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் குறைத்தேன், ஸ்ஃபாக்ஸில் தாளைத் திருத்துகிறவருக்கு உங்கள் தலைமையாசிரியரையும் தெரியாது, உங்கள் பேத்தியையும் தெரியாது, அவர் சிரிக்க மாட்டார் என்றாள்.

இன்னொன்றையும் அவளே சொன்னாள், தன்னையே கேலி செய்துகொண்டு. தான் தீவுக்கு வந்த புதிதில் சிரீன் ஒரு கட்டுரையில், "நான் காலையில் எழுந்தபோது கடல் வெளியே போயிருந்தது" என்று எழுதியிருக்கிறாள். நாம் சொல்வதுதானே. கெஃப்காரிக்கு என்ன தெரியும்? சிவப்பு மையால் சுழித்து, கடல் எங்கும் போகாது, கற்பனைக்கும் அளவு வேண்டும் என்று ஓரத்தில் எழுதிவிட்டாள். அடுத்த நாள் வகுப்பே சிரித்திருக்கிறது. மாலையில் பிள்ளைகள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்குப் போனால், படகுகள் எல்லாம் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்க, தண்ணீர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. "நாட்டுல வேற எந்தக் கடலும் இப்படிப் பண்ணாதே, உங்க கடல் மட்டும் ஏன் வீடு தங்க மாட்டேங்குது?" என்று கேட்டாளாம். அவள் செருப்பு ஒன்று அந்தச் சேற்றில் போனதுதான், இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் இத்துடன் அவள் விட்டுவிடவில்லை. அங்கேதான் எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. சுழியை அழித்துவிட்டு சிரீனிடம் சொன்னாளாம். தேர்வில் "கடல் உள்வாங்கியது" என்று எழுது, ஏனென்றால் அதைப் படிப்பவருக்கும் என்னைப் போல உங்கள் ஊர் தெரியாது. உங்கள் சொல்லையும் விட வேண்டாம். அதைப் பக்கத்திலேயே எழுதி, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுவிடு. அந்தக் குறிக்குள் இருப்பது தப்பு என்று யாரும் கோடு போட முடியாது, அது உன் ஊர் பேசுவது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றாளாம். மகளே, எனக்கு ஐந்து வருஷத்தில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. வீட்டுப் பேச்சு என்றால் அடிகோல்தான். இரண்டு சின்னக் கொக்கிகளுக்கு நடுவில் நம் பேச்சைக் கௌரவமாக உட்கார வைக்கலாம் என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடம் முழுக்கச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒருவர் இருந்தாரே, பெயர் வேண்டாம், அவர் சிரீன் வரைந்த பேரீச்சை மரத்தைக் கிழித்தார். மரம் நீலமாக இருக்குமா என்று கேட்டு, அதற்குப் பதில் சொல்லும் முன்பே கிழித்தார். விடிவதற்கு முன் பார்த்தால் நீலமாகத்தான் இருக்கும். அவள் அதற்குப் பிறகு ஒரு கோடு வரைந்து நான் பார்க்கவில்லை. அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு உன் பேச்சு சரி.

ஆனால் உனக்கு வரும் கடிதங்கள்? அதையும் நஜ்லாவிடம் கேட்டேன். வகுப்பில் எதையும் தலைகீழாகப் புரட்டும் பிள்ளை, தாய்க்கு எழுதும்போது மட்டும் தாளில் உள்ளதை ஓர் எழுத்து மாற்றாமல் ஏன் எழுதுகிறாள் என்று அவளும் யோசித்தாள். "அத நீங்கதான் கேக்கணும்" என்றாள்.

கேட்டேன். அன்று உன் வாப்பா பேய்க்கணவாய் கொண்டுவந்திருந்தார். நான் அதைக் கல்லில் அடித்துக்கொண்டிருக்க, சிரீன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை வேலையாக இருக்கும்போது கேட்டால்தான் அவள் வாய் திறப்பாள் என்பது உனக்கே தெரியும்.

"உம்மாவுக்கு எழுதுறது மட்டும் ஏண்டி கட்டுச்சோறா எடுத்து வைக்கிற?" என்றேன்.

"அதுல யாரும் அழ மாட்டாங்க, நன்னா" என்றாள்.

நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உனக்கு ஒரு கடிதம் எழுதினாளாம், தன் சொந்தச் சொல்லில். நீ விட்டுப்போன தலையணை உறையை இந்த நன்னாக் கிழவி துவைத்துவிட்டாள், இப்போது அதில் சோப்பு வாசனைதான் இருக்கிறது என்று எழுதினாளாம். அடுத்த தடவை தபால் ஆபீஸுக்குத் தொலைபேசி வந்தபோது நீ பேசவே இல்லையாம். "மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தாங்க. நான் ஹலோ ஹலோன்னேன். அப்புறம் லைன் போயிருச்சு. உம்மா குரல் கேக்கத்தான் நான் அவ்வளவு நேரம் வரிசையில நின்னேன்." அதற்குப் பிறகுதான் அவள் முடிவு செய்திருக்கிறாள். உன்னைப் பற்றித் தோன்றுவதை எல்லாம் உனக்கு ஆகாதது என்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஆனிஸ்தி கொடுத்ததிலிருந்து எடுத்து அனுப்புகிறாள். "சூரியன் பொன்னிழை நெய்யிறதப் படிச்சு யாராச்சும் அழுவாங்களா, நன்னா?" என்று என்னையே கேட்டாள்.

அழுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உன் கடிதம் என் இடுப்பு முடிச்சில்தான் இருந்தது.

சல்வா, பள்ளிக்கூடம் அவள் சொற்களைப் பிடுங்கிக்கொண்டது என்று நீ நினைத்தாய். அவள் உன்னிடமிருந்து அவற்றை ஒளித்து வைத்திருக்கிறாள். ஒளித்து வைக்க மேலே போர்த்த ஒரு துணி வேண்டியிருந்தது. அந்தத் துணியைத் தந்தது பள்ளிக்கூடம். அது இல்லாவிட்டால் உனக்கு அவள் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ இதைப் படித்து அழுதால் அழு. ஆனால் அவளிடம் பேசும்போது அழாதே.

இனி பரீட்சைக் கதை. எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் ரம்லாவில்தான் மையம். பிக்கப் வண்டியில் பிள்ளைகளை அடுக்கி அனுப்பினோம், நானும் ஏறிக்கொண்டேன். கமர் அக்கா ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் பேரீச்சம்பழம் திணித்தாள். ஆனிஸ்தி நஜ்லா எங்களுக்கு முன்பே போய்ப் பள்ளி மதில் நிழலில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் பரீட்சை என்று சொல்வாய்.

கட்டுரைக்கு வந்த தலைப்பைக் கேள். "நெடுநாள் பிரிந்திருந்த ஒருவர் பயணம் முடிந்து திரும்பும் காட்சியை வருணிக்க." யாரோ ஒரு பெரிய மனிதர் தலைநகரத்தில் உட்கார்ந்து யோசித்தது. இந்தத் தீவில் எந்த வீட்டில்தான் அப்படிப் பிரிந்து போன ஒருவர் இல்லை? வெளியே வந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் கண் சிவந்திருந்தது. ஆனால் எல்லோரும் எழுதியிருந்தார்கள். சந்திப்புக்கு என்று ஆனிஸ்தி கொடுத்த வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம். அழுகை வந்தாலும் கை தானாக எழுதியதாம். நஜ்லா கட்டிக் கொடுத்த சோறு அன்று எத்தனை பிள்ளைகளைக் கரை சேர்த்தது என்று பார்த்துக்கொள்.

சிரீன் கடைசியாக வந்தாள். நஜ்லா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, என்ன எழுதினாய் என்று கேட்டாள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கதிரவன் பொன்னிழை நெய்ததிலிருந்துதான் ஆரம்பித்தாளாம். நல்லது, அது வேண்டும் என்றாள் நஜ்லா. பிறகு துறைக்குப் போனதாகவும், கடல் உள்வாங்கியிருந்ததாகவும் எழுதினாளாம். "எங்க ஊருல இத கடல் வெளிய போயிருக்குன்னு சொல்லுவோம்னு அடுத்த வரியில எழுதுனேன், ஆனிஸ்தி. வெளிய போன கடல யாரும் எங்க போனன்னு கேக்க மாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க, திரும்பி வரும்னு படகக் கவுத்து வைக்காம அப்படியே விட்டு வச்சிருப்பாங்கன்னு எழுதுனேன்."

நஜ்லா அவள் கையிலிருந்து தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "மேற்கோள் குறி போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டேன்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும் போட்டேன், ஆனிஸ்தி."

அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக் கைக்குட்டையை எடுத்தாள். அன்று மீன் வாடை ஒன்றும் இல்லை.

நான்தான் கேட்டேன், வந்தவரை வருணிக்கச் சொன்னார்களே, யார் வந்தார்கள் என்று. கப்பல் துறையில் முட்டி நின்றது வரை எழுதினேன், அதற்குள் மணி அடித்துவிட்டார்கள் என்றாள். மணிதான் அடித்ததா, இவள்தான் நிறுத்தினாளா, எனக்குத் தெரியாது. மேலே கேட்கவில்லை.

நேற்று முடிவு வந்தது. தேறிவிட்டாள், மகளே. சும்மா தேறவில்லை, நம் பள்ளியில் கட்டுரைக்கு இவளுக்குத்தான் அதிகம் என்று தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து சொன்னார். குஸ்குஸ் விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம். கமர் அக்கா போட்ட குலவையில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. தெரு முழுக்க எலுமிச்சை ஷர்பத் கொடுத்தோம். உன் வாப்பா சர்க்கரை போதுமா போதுமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சாங்கிளாஸின் பேத்தி ஏழாங்கிளாஸ் போகிறாள் என்று நான் சொன்னதற்கு மட்டும், சுவரேறிக் குதித்தவனுக்கும் அவள் பேத்திதான் என்றார்.

நஜ்லா மாற்றல் கேட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. இன்று காலை ஸ்ஃபாக்ஸ் போகும் லூத் கப்பலில் போனாள். காய்ந்த பேய்க்கணவாய் ஒரு கட்டு கொடுத்தேன். எட்டுக் காலும் தொங்க அதைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, இதை மலையில் யாருக்கும் சமைக்கத் தெரியாதே என்றாள். ஊறப் போட்டு, பொறுமையாக அடித்து, பிறகு வேகவைக்கச் சொன்னேன். சிரீன் அவள் பெட்டியைச் சுமந்துகொண்டு துறை வரை போனாள். படியில் ஏறும் முன் நஜ்லா அவள் தலையைத் தொட்டு, "இனிமே என் சோறு உனக்கு வேணாம். சமைச்சே சாப்பிடு" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். பிரியும் நேரத்தில் சொல்ல எனக்கும் ஒரு தாள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பெற்றோருக்கு நீண்ட ஆயுளும், அவளுக்கு நல்ல மாப்பிள்ளையும், மலையில் அவள் வகுப்புக்கு நம் பிள்ளைகளைப் போலக் குறும்புக்காரர்களும் கிடைக்க வேண்டும். நீயும் ஆமீன் சொல்லு.

இப்போது செப்டம்பர் விஷயம். நீ கூட்டிப் போகிறேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அந்தக் கம்பளப் பள்ளிக்கூடமும் நல்லதாகவே இருக்கட்டும், நீல மரம் வரைந்தால் கிழிக்காத ஒருத்தர் அங்கே இருக்கட்டும். ஆனால் ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்தைக் காரணம் சொல்லி அவளைக் கூப்பிடாதே. அவள் அதை நம்பிவிடுவாள். தான் தப்பான கடிதம் எழுதியதால்தான் கூட்டிப் போகிறார்கள், நஜ்லா தப்பாகச் சொல்லிக் கொடுத்ததால்தான் கூட்டிப் போகிறார்கள் என்று நினைப்பாள். நீ நேரில் வா. பெருநாளுக்கு முடியாவிட்டால் அதற்கு அடுத்த மாதம் வா. யாரிடமும் சொல்லி அனுப்பாதே, தாளில் எழுதியும் அனுப்பாதே. அவள் முன்னால் உட்கார்ந்து, நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை, எனக்கு நீ வேண்டும், அதனால் வந்திருக்கிறேன் என்று உன் வாயால் சொல்லு. வேறு அழகான வாக்கியம் எதுவும் தேவையில்லை.

எங்களைப் பற்றி யோசிக்காதே. சிரீனுக்குப் படிக்க என்று உன் வாப்பா ஸ்ஃபாக்ஸிலிருந்து ஒரு மேசை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார், பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே. உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "இருக்கட்டும். மேல தக்காளி காயப் போடலாம்" என்றார். நாங்கள் காயப் போடும் தக்காளிக்கு மொட்டை மாடியே பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும் என்கிறார்.

ரப்பு உன் பிள்ளைகள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் உன் கண்முன் வளர்த்துத் தருவானாக. உன் கைவேலையில் பரக்கத்தும், உன் தூக்கத்தில் அமைதியும் தருவானாக. வரும் தேதியை மட்டும் முன்னதாக எழுது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

உன் உம்மா,
மஹ்பூபா
(என் கையால் எழுதியது)